உடையாத சுறாப் பல்

1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். சீட்டு வாங்கினால் கையில் ஒரு சல்லடை தருவார்கள். எப்போதோ கடலாக இருந்த இடம் என்பதால் சரளைக் குவியலைச் சலித்துக் கல்லாகிப்போன சிப்பி, சுறாப் பல் என்று பொறுக்கலாம். கிளம்புமுன், வாசல் மேசையில் உட்கார்ந்து சோதித்துப் பார்க்கும் அம்மாவிடம் காட்ட வேண்டும். சாதாரணப் பொருள் என்றால் வீட்டுக்கு. அபூர்வம் என்றால், கண்டெடுத்தவர் பெயரோடு அங்கே காட்சிக்கு இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு.

எனக்கு முன்னால் நின்றவருக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் கையில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற மகளின் மூடிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

'கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்தது. அந்த அலைகளின்...'

(அடித்துவிட்டேன். கடலைப் பற்றி ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.)

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பல்லுக்காரர் என்போம். டாக்டர் இல்லை; டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்து தருகிற பட்டறையில் வேலை. மனைவி பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரே மகள், பத்து வயது. போன முறை இதே குவாரிக்கு வந்து, பொழுதெல்லாம் சலித்து, ஒரு சட்டைப் பொத்தானோடு திரும்பினாள். பக்கத்துக் குவியலில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஏதோ ஒன்று கிடைத்திருந்தது.

"எனக்கு எதுவும் கிடைக்காதும்மா. நான் அப்படித்தான்" என்றாள் வழியில்.

சொன்னதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்குவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

3

ஆகவே பல்லுக்காரர் ஒரு சுறாப் பல் செய்தார். சாப்பாட்டு இடைவேளைகளில் பொய்ப்பல் மாவைக் குழைத்து, படத்தைப் பார்த்துச் செதுக்கி, டீத்தண்ணீரில் ஊறவைத்துக் கறுப்பேற்றினார். ஞாயிற்றுக்கிழமை மகள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து அவளுடைய குவியலில் அதைப் புதைத்தார்.

(இவ்வளவு செய்வாரா ஒரு மனிதர் என்று எனக்கே சந்தேகம் வந்தது. அப்புறம், வீட்டுப் பாடத்துக்கு எரிமலை செய்து தரும் தகப்பன்மார்களை நினைத்துக்கொண்டேன். சந்தேகம் தீர்ந்தது.)

தப்பு எங்கே நடந்தது தெரியுமா? அந்தக் குவாரியில் கிடைப்பதெல்லாம் முனை போன பல், பாதி பல். அவரும் ஒரு பாதியைச் செய்திருந்தால் போதும். மேசை அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போம்மா" என்றிருப்பார். ஆனால் ஒச்சமுள்ள பல்லை இவர் கை ஒருநாளும் பட்டறையை விட்டு அனுப்பியதில்லை. வேரும் விளிம்பும் முழுசாக, மகளின் உள்ளங்கை அளவுக்கு ஒரு பல்லைச் செய்து வைத்துவிட்டார்.

4

அவள் கத்தவில்லை. மண்ணைத் துடைத்தாள், கையை மூடிக்கொண்டாள், நேராக வரிசைக்கு நடந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாமாம். கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கொடுக்கப் போகிறாளாம். வகுப்பு முழுவதையும் கூட்டி வந்து காட்டலாமே என்றாள்.

கூட வந்திருந்த மனைவி கணவரின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அதுவே போதும்.

"உங்க வேலையா?"

"ம்."

"அந்தம்மா கையில வாங்கினதும் தெரிஞ்சுடும். எல்லாரும் சுத்தி நிப்பாங்க. அதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க."

வரிசை நகர்ந்தது.

5

இங்கிருந்து முடிவுகள்.

அ) மேசை அம்மா கண்டுபிடித்து, ஊரைக் கூட்டி, (இல்லை. அவர் அப்படிப்பட்டவர் இல்லை.)

ஆ) மேசை அம்மா புரிந்துகொண்டு பொய்க்கு உடந்தையாகிறார். பல் பெட்டிக்குள் போகிறது. இதைத்தான் முதலில் எழுதினேன், கண்கூடக் கலங்கியது. மறுநாள் படித்தால், வருகிறவர் போகிறவரெல்லாம் பார்க்க ஒரு பொய் அவள் பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. பத்து வயதில் அது சந்தோஷம். பதினைந்தில்?

இ) பல்லுக்காரர் சொல்லிவிடுகிறார்.

இ-யைத்தான் வைத்துக்கொண்டேன். அவர் மகளின் உயரத்துக்குக் குனிந்து, "பாப்பா, அது அப்பா செஞ்சதுடா" என்கிறார். அவள் கையைத் திறந்து பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். அழுவாள் என்று எதிர்பார்த்து அதற்கு இரண்டு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அவள் அழவில்லை.

"அப்போ, எனக்கு எதுவும் கிடைக்காதுன்னு நீயும் நினைச்சியாப்பா?"

இப்படி ஒரு கேள்வியை அவள் கேட்பாள் என்று எனக்குத் தெரியாது. பல்லுக்காரர் வாயில் எத்தனையோ பதில்களை வைத்துப் பார்த்தேன். 'இல்லடா' என்றால் பொய். 'ஆமாம்' என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? 'உன்மேல உள்ள பாசத்துல' என்று ஆரம்பித்தவரை நானே நிறுத்திவிட்டேன்.

மேசையிலிருந்து, "அடுத்து யாருங்க, வாங்க" என்கிறார் அந்த அம்மா. மகள் நகரவில்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். என்னிடம் வாக்கியம் தீர்ந்துவிட்டது. வரிசையில் அவருக்குப் பின்னால் இப்போது நீங்கள்தான் நிற்கிறீர்கள். ஏதாவது தெரிந்தால் அவர் காதில் சொல்லுங்கள்.