கண்ணாடிக்காரர் ஜெயித்த அன்று

சின்னவள் தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டைகளில் கண்ணாடி போட்ட ஒருவர் சிரித்தார். அடுத்த வரிசையில் பெரியவள் தைத்த கறுப்புச் சட்டைகளில் சுருட்டைமுடிக்காரர் ஒருவர் கையை உயர்த்தியிருந்தார். இருவரும் அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு நிற்பவர்கள். பெயர்கள் வாயில் நுழையாததால் தையல் கூடத்தில் அவர்கள் கண்ணாடியும் சுருட்டையும்தான். இரண்டு சட்டையின் முதுகிலும் 'ஜெயித்துவிட்டோம்' என்றே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எவர் ஜெயிக்கிறாரோ அவருடைய சட்டைகள் அன்றைக்கே விமானம் ஏறும்.

சின்னவளும் பெரியவளும் அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். இருவருக்கும் ஒரே வேலை, கழுத்துப்பட்டி வைத்துத் தைப்பது.

அங்கே வாக்கு எண்ணிக்கை. இங்கே காலை பதினொரு மணி. அயர்ன்காரர் தன் போனைத் தேய்ப்பு மேசையில் சாய்த்து வைத்திருந்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்க, கண்கள் மட்டும் அங்கே போய்ப்போய் வந்தன.

"நம்ம ஊரு எலெக்‌ஷனுக்கே ஓட்டுப் போட்டதோட சரி. இவனுங்களுக்காக வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றாள் மடிப்புக்காரி.

நெருப்புக்குக் காரணம் இருந்தது. ஜெயித்தவரின் வரிசைக்குப் பதவியேற்புவரை வேலை உண்டு. தோற்றவரின் வரிசையை அப்போதே மூடிவிடுவோம் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார்.

சின்னவள் தலை நிமிரவில்லை. மூன்று வாரத்துக்கு முன்பு கறுப்பு வரிசையில் இருந்தவள் அவள்தான். ஒருநாள் குழாயடியில் அயர்ன்காரர், "சுருட்டைக்குச் சங்குதான் தங்கச்சி. அங்க எல்லாரும் கண்ணாடி பக்கம்னு பேசிக்கறாங்க" என்றார். அவள் மகனுக்கு வலிப்பு. மாத்திரை ஒருவேளை தவறக் கூடாது. அன்று சாயங்காலமே, அப்போது வெள்ளை வரிசையில் இருந்த பெரியவளிடம் போய் நின்றாள்.

"அக்கா, கறுப்புத் துணி, கறுப்பு நூல். கண்ணு பூத்துப் போகுது."

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டே? நான் அங்க உக்காந்துக்கறேன். எனக்குக் கழுகுக் கண்ணுடி."

சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்பு அயர்ன்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கத்தினார்: "முடிஞ்சுது! கண்ணாடி ஜெயிச்சுட்டாரு!"

வெள்ளை வரிசை எழுந்து நின்று கூவியது. சின்னவளின் கைகள் அவளைக் கேட்காமலே தட்டிவிட்டன. இரண்டே தட்டு. நிமிர்ந்தால், பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் கறுப்பு வரிசையின் சுவிட்சை இறக்கினார். பெரியவள் பாதி தைத்த சட்டையின் நூலை நறுக்கி, மடித்து வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன்டி நிறுத்திட்டே? தட்டு. வீட்டுல ஒருத்தியாவது சம்பாதிக்கட்டும்."

"அக்கா..."

"நல்லவேளை மாத்திக்கிட்டோம். கடவுளாப் பாத்து உனக்குக் கண்ணுவலியக் குடுத்தாரு. நீ அங்க இருந்திருந்தா புள்ளை மாத்திரைக்கு எங்க போவே?"

"உனக்கு?"

"நாப்பது தாண்டினவள எந்தக் கம்பெனியில எடுப்பான்? நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கறேன். கைதான் இருக்கே."

தெரிந்துதான் கேட்டேன் அக்கா என்பது சின்னவளின் தொண்டைவரை வந்தது. "தண்ணி குடிக்கறியா?" என்றாள்.

"கண்ணக் கசக்காதே, எப்படிச் செவந்து கெடக்கு பாரு. மருந்து விட்டியா இல்லையா?" பெரியவள் முந்தானை நுனியால் அவள் கண்ணை ஒற்றினாள். சின்னவள் முகத்தைத் திருப்பவும் இல்லை, காட்டவும் இல்லை.

மறுநாள் கறுப்புச் சட்டைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வெள்ளை வரிசையின் முன்னால் கொட்டினார்கள்.

"ஒண்ணுகூட வெளியே போகக் கூடாதுன்னு உத்தரவு. கிழிச்சுப் போடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

சின்னவள் ஒன்றை எடுத்து அடியில் ஒரு வெட்டு வெட்டிவிட்டு இழுத்தாள். சுருட்டைக்காரரின் நடுமுகத்தில் ஏறிப்போன கிழிசல் கழுத்துப்பட்டியில் வந்து நின்றுவிட்டது. காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். பெரியவள் போட்ட தையல் ஒன்றுகூட விடவில்லை.

"அதோட என்னம்மா மல்லுக்கட்டு? இன்னும் நாலாயிரம் கெடக்கு" என்றார் சூப்பர்வைசர்.

அவள் மறுபடியும் இழுத்தாள்.