பங்களாவில் அழுதவள்

“அழுவுற பொம்பளைங்கல்லாம் உள்ள வாங்கம்மா, ஜல்தி!” என்று ஒருவன் மதிவதனியைத் தள்ளாத குறையாக ஜாகீர் பங்களாவுக்குள் அனுப்பினான். அவிழ்ந்த தலை, வெறுங்கால், வாடிய முகம். ஷூட்டிங்குக்கு அழவந்தவள் என்று நினைத்துவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

அவள் அப்பா பச்சையப்பன் விடியற்காலையில் போய்விட்டார். ஆரணியில் பாதிப் பேரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்த மேளம் அவருடையது. “நான் பூட்டா மேளம் இல்லாம மட்டும் தூக்காதீங்க” என்று பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன், நாள் பார்த்த மாதிரி செத்தார்! அவருடைய சொந்த மேள செட்டே அன்றைக்கு பங்களாவில், சினிமா ஜமீன்தார் சாவுக்கு அடித்துக்கொண்டிருந்தது. செட்டை நடத்தும் தனகோடியின் போனை ஷூட்டிங்காரர்கள் வாங்கி வைத்திருந்தார்கள். நாலு மணிக்குள் உடலை எடுத்தாக வேண்டும் என்று வீட்டில் ஒரே பேஜார். அதுதான் ஓடிவந்தாள்.

அந்தப் பெரிய கூடத்தை அவள் சினிமாவில் பார்த்ததோடு சரி. இங்கே நடக்கும் கச்சேரிகளை மதிலுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். நடுவில் மாலையும் மூக்கில் பஞ்சுமாக ஜமீன்தார் படுத்திருந்தார்.

அவள் வாய் திறப்பதற்குள் மேளம் எழுந்தது. அப்பாவின் அடி அது. காலையிலிருந்து சொட்டுக் கண்ணீர் வராதவள், “நைனா!” என்று அலறி உட்கார்ந்துவிட்டாள்.

“பலே! இந்தம்மாதான்யா அழுவுது!” என்றார் டைரக்டர்.

தனகோடியின் குச்சி நின்றது. “அக்கா? நீ இங்க இன்னா பண்றே?”

“நைனா பூட்டாருடா. உங்கள கூட்டினு போவத்தான் வந்தேன்.”

டைரக்டர் தொப்பியைக் கழற்றினார். “சீன் நாளைக்கு எடுத்துக்கலாம். போங்கப்பா, மொதல்ல அந்தப் பெரியவர கவனிங்க.”

“நல்லா இருக்கணும் சார். உங்க புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்” என்று கும்பிட்டாள். வயிறு குளிர்ந்து சொன்ன வார்த்தை.

ஜமீன்தார் எழுந்து மூக்குப் பஞ்சைப் பிடுங்கினார். மாலையைக் கழற்றி நீட்டினார். “அசல் ரோஜாம்மா. பொணத்துக்குப் போட்டதுன்னு நெனைக்காதீங்க, நான் உசுரோடதான் இருக்கேன்.”

அந்த நேரத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

முன்வாசல் படியிறங்கும்போதே தனகோடி அடிக்க ஆரம்பித்துவிட்டான். ஜமீன்தார் பட்டு வேட்டியோடு, செருப்பில்லாமல், தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.