இளையதம்பிக்குப் பின்னால் பரியாரியார்

எங்கள் கனகராயன்குளத்துக் குடியேற்றத்தில் ஒரேயொரு மனுசனிடம்தான் எனக்கு ஒரு கதையும் கிடைத்ததில்லை. அவர் ஏரம்புப் பரியாரியார். நித்திரை வராதவர்களுக்கும் மனம் குழம்பியவர்களுக்கும் தலைக்கு எண்ணெய் வைத்து வைத்தியம் பார்ப்பவர். எண்ணெய் ஊறும் மட்டும் நோயாளி வேப்பமரத்தடியில் இருந்து மனதில் உள்ளதைக் கொட்டுவார். பரியாரியார் மருந்து அரைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய வளவுக்கும் எங்கள் வளவுக்கும் நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. கிடுகு உக்கி ஓட்டை விழுந்த இடமும் எனக்குத் தெரியும். என்ன பிரயோசனம்? நோயாளியை மரத்துக்கு அந்தப் பக்கமாக இருத்திவிடுவார்.

"என்னவாம் அவைக்கு?" என்று கேட்டால், "முருங்கை நல்லாக் காய்ச்சிருக்குப் பிள்ளை" என்பார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு, மழையில்லாத சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் குறைவு. வாய்க்காலின் தலைப்பில் இளையதம்பியின் வயல், கடைசியில் கதிர்காமநாதனின் வயல். முந்தின போகம் கதிர்காமநாதனின் பயிர் காய்ந்து எரிந்துபோக, பெண்சாதி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்குத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் நித்திரையில்லாமல் கண் சிவந்து திரிந்தார். பரியாரியாரிடம் வந்து எண்ணெய் வைக்கத் தொடங்கினார். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த சங்கதி. நான் சொன்னதென்று ஒருவரும் நினைக்க வேண்டாம்.

ஒருநாள் கதிர்காமநாதன் எண்ணெயோடு எழும்பிப் போன பிறகு, பரியாரியார் அரைத்த மருந்தை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் குந்தியிருந்தார். அடுத்தநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு இளையதம்பிக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார்.

இளையதம்பி வாய்க்காலுக்குப் போனால் பரியாரியாரும் போவார். "வரம்பிலை கரிசலாங்கண்ணி பிடுங்க வந்தனான்" என்பார். இளையதம்பி சாமான் வாங்கச் சங்கக்கடைக்குப் போனால் அங்கேயும் குடை நிற்கும். சங்கக்கடையில் என்ன கரிசலாங்கண்ணி?

எங்கள் பக்கத்தில் காய்ச்சல், வயிற்றுவலி என்றால் நாங்கள்தான் பரியாரியைத் தேடிப் போவோம். மூளை குழம்பின விசர் என்றால் அப்படியில்லை. தனக்கு விசரென்று எவர் ஒத்துக்கொள்வார்? பரியாரிதான் ஆளுக்குப் பின்னால் திரிந்து குறிகுணம் பார்ப்பார். எனக்கு விளங்கிவிட்டது. கிணற்றடியில் அயல்வீட்டுச் சிவனேஸ்வரிக்கு மட்டும் சொன்னேன்.

கிழமை முடிய முன்னம் துணுக்காயிலிருந்து ஆள் வந்தது. இளையதம்பியின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுறம்" என்றார்களாம்.

அன்று பின்னேரமே இளையதம்பி பரியாரியாரின் முற்றத்தில் வந்து நின்றார். மரத்தடியில் கதிர்காமநாதன் தலை நிறைய எண்ணெயோடு இருந்தார். எனக்கும் வேலியோரம் கூட்டுகிற வேலை இருந்தது.

"பரியாரியார், எனக்கு விசரோ?"

"இரும் தம்பி."

"இருக்க வரேல்லை. எனக்கு நீங்கள் வைத்தியம் பாக்கேல்லை எண்டு சங்கக்கடையிலை வந்து ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பிள்ளையின்ரை கலியாணம் குழம்புது."

"ஆருக்குப் பாக்கிறன், ஆருக்குப் பாக்கேல்லை எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை."

"அப்ப ஏன் எனக்குப் பின்னாலை திரியிறியள்?"

பரியாரியார் குனிந்து மருந்தை அரைத்தார். இளையதம்பி எண்ணெய்ப் பானையைத் தூக்கினார். "சொல்லுறியளோ, உடைக்கட்டோ?"

"உடைச்சா உடையும். சொல்லமாட்டன்."

கதிர்காமநாதன் எழும்பினார். நெற்றியால் எண்ணெய் வழிந்தது.

"பானையை வையும் இளையதம்பி. நோய் எனக்கு. உம்மை வெட்டுவன் எண்டு இவரிட்டைச் சொன்னனான்."

"என்னையோ?"

"உம்மைத்தான். மண்வெட்டியும் தீட்டி வச்சனான். 'நீர் சொன்னதை வெளியிலை விடமாட்டன். ஆனா நீர் வெட்ட வந்தா அவருக்கு முன்னாலை நான் நிப்பன்' எண்டு இவர் எனக்கு நேரை சொன்னவர். நானும் வாய்க்காலடிக்கு வந்தனான். வரேக்கையெல்லாம் இவர் அங்கை நிண்டார்." மூச்சு வாங்கினார். "சங்கக்கடையிலை நானே போய்ச் சொல்லுறன், விசர் உமக்கில்லை எண்டு."

என் கையில் விளக்குமாறு அசையவில்லை.

இளையதம்பி பானையை மெல்ல வைத்தார். பரியாரியார் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுகொண்டும் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நான் செத்திருந்தா?"

"நானும் செத்திருப்பன்" என்றார் பரியாரியார். "உமக்குச் சொல்லியிருந்தா நீர் உம்மடை மண்வெட்டியைத் தீட்டியிருப்பீர். இவரும் இஞ்சை வாறதை விட்டிருப்பார். பிறகு இவரின்ரை மனதிலை என்ன ஓடுதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்களுக்குப் பயமில்லையோ?"

"பயமில்லாட்டில் சங்கக்கடைக்கும் ஏன் குடையைக் கொண்டு வாறன்?"

இளையதம்பி மரத்தடியில் கிடந்த நீள வாங்கின் ஒரு நுனியில் இருந்தார். கதிர்காமநாதன் மறு நுனியில் இருந்தார். வேலியோரம் குனிந்து நின்றே எனக்கு நாரி, இடுப்பு எல்லாம் விட்டுப்போயிற்று.

"தண்ணியை மறிக்க மதகிலை பலகை இறக்கிறனான்தான்" என்றார் இளையதம்பி, நிலத்தைப் பார்த்தபடி. "முழுக்க இல்லை. அரைவாசி."

"அந்த அரைவாசியிலைதான் என்ரை பயிர் எரிஞ்சது."

"நாளைக்கு விடிய வந்து நீரே பலகையை எடும்."

கதிர்காமநாதன் இரண்டு கையாலும் முகத்து எண்ணெயைத் துடைத்தார். அவர் அழுததை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"வாறன். மண்வெட்டி கொண்டு வரமாட்டன்."

"கொண்டு வாரும்" என்றார் இளையதம்பி. "வாய்க்கால் தூர்ந்துபோய்க் கிடக்கு."