வாழைக்கு வைத்த மருந்து

1982 ஆவணியில் எங்கள் மகள் திரிபுரசுந்தரியைத் தன் பிள்ளைக்குப் பெண் பார்க்கப் பாலக்காட்டிலிருந்து கனகாம்பாள் மாமி வந்தார். நான்கு தலைமுறையாக மட்டாஞ்சேரியில் ஒரு பழிச்சொல்லுக்கும் இடம் கொடாத குடும்பம் எங்களுடையது. இந்தச் சம்பந்தம் தவறக் கூடாது.

அன்று காலை கொல்லை வாழைகளுக்குக் கார்போஃபியூரான் வைத்தேன். குருத்தைச் சுருட்டி, குலை தள்ளவிடாமல் செய்யும் நோயைப் பரப்புகிற செடிப்பேன்களைக் கொல்லும் குருணை அது; ஊதா மணல் போலிருக்கும். பள்ளுருத்தி உரக்கடைக்காரர் கையுறை போடச் சொல்லியிருந்தார். நான் நட்ட வாழையைத் தொட எனக்கு உறை எதற்கு? வெறுங்கையால் அள்ளி இலையிடுக்குகளில் போட்டேன். டாக்ஸி சத்தம் கேட்டதும் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மாமியை உட்கார வைத்துவிட்டு, அதே கையால் எனக்கு ஒரு வெற்றிலை மடித்து மென்றேன்.

அரை மணியில் வாயிலிருந்து எச்சில் வழிந்தது. கண்ணில் நீர் கொட்டியது. வேட்டி வியர்வையில் நனைந்தது.

"பொண்ணு இன்னும் பாடவே இல்லை, அதுக்குள்ள அழறாரே!" என்றார் மாமி.

அடுத்த நிமிடம் வாந்தி.

ஆட்டோவில் என் மனைவி அம்மிணியோடு மாமியும் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் இமையைத் தூக்கிப் பார்த்தார். கண்மணி கடுகளவாகச் சுருங்கியிருந்ததாம்.

"விஷம் வல்லதும் குடிச்சோ?" விஷம் ஏதாவது குடித்தேனா என்று மலையாளத்தில் கேட்டார்.

விஷம் குடித்த வீடு என்று பேச்சு வந்தால் பெண்ணை யார் எடுப்பார்கள்?

"காலம்பற தின்ன கப்பைக் கிழங்கு ஒத்துக்கலை" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோன்னா!" அம்மிணி சீறினாள். "குடிக்கலை டாக்டர். வாழைக்கு மருந்து வெச்சுட்டு, கையலம்பாம வெத்தலை போட்டுண்டார்." பையிலிருந்து மருந்துப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

மாமியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

டாக்டர் பெயரைப் படித்துவிட்டு அட்ரோபின் ஊசி போட்டார். இந்த வகை மருந்து நரம்பைப் பிடித்தாலும் சில மணி நேரத்தில் தானே விட்டுவிடும் என்று அம்மிணியைத் தேற்றினார்.

சாயங்காலம் மாமி கட்டிலருகே வந்தார். "எங்காத்துக்காரரும் இப்படித்தான், வீம்பு பிடிச்ச மனுஷர். உண்மையைச் சொல்ற சம்பந்தி அம்மா கெடச்சாளே, அது போதும். இந்த மாசமே நிச்சயம் பண்ணிக்கலாமா?"

ஊசியால் வாய் உலர்ந்து, நாக்கு அண்ணத்தில் ஒட்டியிருந்தது. அம்மிணி என்னைப் பார்த்தாள். பிறகு, "பண்ணிக்கலாம் மாமி" என்றாள்.

எங்கள் வம்சத்தில் அதுவரை பெண்கள் வாக்குக் கொடுத்ததில்லை. மாமி பார்க்கப் பார்க்கவே நான் அம்மிணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.