சந்தைமேட்டு நிலம்

விடிந்தும் விடியாத நேரம். பேருந்து நிலையச் சாக்கடையில் முழங்கால்வரை இறங்கி நின்று, கலைமணி மண்வெட்டியால் சகதியை வாரி மேலே போட்டாள். ஓட்டல் எண்ணெயும் கோழி இறகும் திரண்ட சகதி. மாதப்பன் அதைக் கூடையில் அள்ளித் தள்ளுவண்டியில் கொட்டினான். மூன்றாவது ஆள் ராணியம்மாள் இன்னும் வரவில்லை.

ஆறு மணிக்கு மாதப்பனின் கைபேசி அடித்தது. கடத்தூர்ச் சாலையில் தக்காளி லாரி ஒன்று ராணியம்மாளை அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது.

ஒன்பது கிலோமீட்டர் தினமும் நடந்து வருகிறவள். பேரூராட்சியில் ஐந்து மணிக்கு மஸ்டரில் பேர் பதிய வேண்டும். முதல் பேருந்து ஆறரைக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை அவளும் ஊருக்குள், கலைமணி குடியிருக்கும் லைன் வீட்டில்தான் இருந்தாள். வீட்டுக்காரர் நவநீதன், பேரூராட்சிக் கவுன்சிலர். தன் கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று, ராணியம்மாள் வீட்டோடு சேர்த்து ஆறு வீடுகளை இடித்துவிட்டார்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில் ராணியம்மாள் கண் விழித்தாள். இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்திருந்தார்கள்.

"நேத்து எனக்கு ஆப்சென்ட் போட்டுட்டாங்களாடி?" என்று கேட்டாள்.

கலைமணி போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். திரும்பி வரும் பேருந்தில், அலுவலக வராந்தாவைக் கூட்டும்போது தான் படித்துவிட்டுப் பேசாமல் நகர்ந்த அறிவிப்பு நினைவுக்கு வந்தது. ஏழை வீடுகளுக்கென்று ஒதுக்கி ஒன்பது வருஷமாய் முள் மண்டிக் கிடக்கும் சந்தைமேட்டு நிலம் வணிகப் பகுதியாக மாறப்போகிறது. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். அந்த நிலத்தை ஒட்டித்தான் நவநீதனின் லைன் வீடு. பக்கத்தில் கடைவீதி வந்தால் மிச்ச வீடுகளையும் இடிப்பார். எட்டாவது வரை படித்தவள் தன்னையே நொந்துகொண்டாள். அன்றைக்கே மனு எழுதினாள்.

அடுத்த நாள் வேலை முடிந்ததும் துப்புரவுத் தொழிலாளர் இருபத்துமூன்று பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். வராந்தாவிலேயே நவநீதன் நின்றிருந்தார்.

"என்ன கலைமணி, கூட்டமா? குப்பை அள்ளலையா?"

"அள்ளிட்டுத்தாங்க வந்தோம். சந்தைமேட்டுக்கு மனு குடுக்கணும்."

"அங்க காம்ப்ளெக்ஸ் வந்தா ஊரு வளரும். உங்களுக்கும் வேலை கெடைக்கும்."

"வேலை இருக்குதுங்க. குடியிருக்கத்தான் எடமில்ல."

"வெளியில வூடா இல்ல? பஸ்ஸுல வர்றது."

"எந்த பஸ்ஸுங்க? ராணியம்மாளுக்கு வராத பஸ்ஸா?"

"அது விபத்தும்மா. அதுக்கு நான் என்ன பண்ண?"

"நீங்க இடிச்ச வூட்டுலதானுங்க பதினோரு வருசம் இருந்தா. அங்கிருந்து ஆபீசுக்கு நாலு நிமிசம்."

நவநீதனின் முகம் கறுத்தது. "இதுல கையெழுத்துப் போடறவன் வூட்டக் காலி பண்ணணும். உங்க காண்ட்ராக்டர்கிட்டயும் சொல்லி வேலைக்கும் வேட்டு வைப்பேன்."

இரண்டு பேர் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். மாதப்பனும் அதே லைனில் குடியிருப்பவன். மூன்று பெண் பிள்ளைகள். அவன் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"போட்டாலும் போடாட்டியும் இடிக்கத்தான போறீங்க. மைப்பெட்டி எங்க?"

அவன் கைநாட்டு விழுந்தது. பிறகு கண்ணம்மாள், நிர்மலா. பின்னால் நகர்ந்தவர்களும் வந்தார்கள். எழுத்தர் மனுவை வாங்கத் தயங்கினார். முத்திரை குத்தி ரசீது தரும்வரை இருபத்துமூன்று பேரும் வராந்தாவை விட்டு நகரவில்லை.

மறுநாளே லைன் வீட்டுக் கதவுகளில் காலி செய்யச் சொல்லித் தாள் ஒட்டியிருந்தது. சேதி கேட்டு மண்டி சுமைக்காரர்களும் ஓட்டல் பெண்களும் கலைமணியிடம் வந்தார்கள். அவர்களும் வாடகைக்கு இருப்பவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை பேரூராட்சி மன்றக் கூட்டம். பார்வையாளர் பெஞ்சில் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை. இன்றைக்குத் துப்புரவுத் தொழிலாளர்கள் சகதி காயாத கால்களோடு வந்து உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள், படிக்கட்டிலும் நின்றார்கள்.

தலைவர் அவர்களைப் பார்க்காமலே தீர்மானத்தைப் படித்தார்.

"சந்தைமேட்டு நிலத்தை வணிகப் பகுதியாக மாற்ற, பொதுமக்களிடமிருந்து ஆட்சேபம் ஏதும் இல்லாததால்..."

கலைமணி எழுந்தாள். அவளோடு பெஞ்சு முழுவதும் எழுந்தது.

"இருக்குதுங்க."