தரைப் பலகைக்கு அடியில் ஒரு ரூபாய்

1.

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இதைக் கொடுத்தவர் பெருந்தேவி. கொடுத்த இடம், இராஜபாளையத்திலிருந்து வில்லிபுத்தூர் போகும் சாயங்கால பஸ். நான் மறைத்தால் அதே பஸ்ஸில் வைத்து மானத்தை வாங்கிவிடுவார். ஆகவே முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலை ஒன்றில் நான் அலுவலகத்தில் இருக்கிறேன். பெருந்தேவி அங்கே துணியைச் சரிபார்த்து மடிக்கும் பிரிவில் இருக்கிறார். நான் கதை எழுதுகிறவன் என்ற செய்தி ஆலையில் எப்படியோ பரவிவிட்டது. அதனால் கண்ட ஒரே லாபம், எல்லோரும் தங்கள் வீட்டுச் சண்டையை என்னிடம் ஒப்பிப்பதுதான். இவர் சண்டை சொல்லவில்லை.

"சார், எம் மக மாதவி ஒரு ப்ளேனையே நிப்பாட்டிட்டா சார், போன ஆடிப்பூரத்துல. அத எழுதுங்களேன்."

"எதுக்கு நிப்பாட்டுச்சு?"

"ஒரு ரூவாய்க்கு."

ஒரு ரூபாய்க்கு ஒரு விமானம் நிற்கிறது என்றால் எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் உட்கார்ந்துவிட்டேன்.

2.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"சிறு வயதிலிருந்தே மாதவியை வானம் அழைத்துக்கொண்டிருந்தது. மொட்டை மாடியில் படுத்தபடி, கோபுரத்துக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துச் செல்லும் விமானங்களைப் பார்த்து அவள்"

(இதற்கு மேல் ஓடவில்லை. அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். எனக்கு இது ஒரு பாடமாக இருக்கட்டும்.)

இதை மாதவிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். சென்னையில் ஒரு ஹேங்கரில், அதாவது விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்திப் பழுது பார்க்கும் பெரிய கொட்டகையில், பராமரிப்பு என்ஜினியராவதற்குப் பயிற்சியில் இருக்கிறாள். சிரிப்பை அடக்கிக்கொண்டே குரல் பதிவு அனுப்பினாள்.

"சார், வானம் என்னைக் கூப்பிடவே இல்ல. எனக்கு ஸ்க்ரூ கழட்டப் புடிக்கும். வீட்டு மிக்ஸியக் கழட்டிக் கழட்டி மாட்டுவேன், அம்புட்டுத்தான். அதோட நாங்க பாக்குற ப்ளேனெல்லாம் தரையில நிக்கிறது சார். பறக்கிறத நிமிந்து பாக்க எங்க நேரம் இருக்கு?"

என் அழகான வெள்ளைக் கோடு போயிற்று. இரண்டாவது தொடக்கம் எழுதினேன்: "மாதவி குப்புறப் படுத்திருந்தாள்." இதற்கு ஒரு கட்டைவிரல் வந்தது. ஆகவே இங்கிருந்துதான் கதை.

3.

மாதவி குப்புறப் படுத்திருந்தாள். பயணிகள் உட்காரும் இருக்கைகளை எல்லாம் எடுத்துவிட்டால் விமானத்தின் உள்ளே ஒரு நீளமான வெற்றுக் கூடம்தான் மிஞ்சும். தரையில் பலகை பலகையாகப் பதித்திருப்பார்கள். அவற்றைக் கழற்றினால் அடியில் கட்டுக் கட்டாக வயர்கள். தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டு, டார்ச் அடித்து, எங்காவது உரசியிருக்கிறதா, துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

அந்த வேலையில் இறங்குவதற்கு முன் சட்டைப் பைகளைக் காலி செய்ய வேண்டும். பேனா, சாவி, சில்லறை, மோதிரம், கையில் கட்டிய கயிறு எதுவும் ஆகாது. மாதவி ஒவ்வொரு நாளும் பைகளை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போனாள். இருந்தவை நான்கு பைகள். அவளுக்குத் தெரிந்த வரையில் நான்கு.

(நான் இங்கே பின்னணி இசை போட விரும்பினேன். "ஐந்தாவது பை ஒன்று இருந்தது" என்று அத்தியாயத்தை முடிக்கலாம். ஆனால் இது தொடர்கதை இல்லை, உங்களைத் தொங்கவிட எனக்கு உரிமையும் இல்லை. உடனே சொல்லிவிடுகிறேன்.)

முந்தின மாதம் ஊருக்கு வந்தபோது, புதிதாகக் கிடைத்த யூனிஃபார்ம் தொளதொளவென்று இருக்கிறது என்று அம்மாவிடம் பிடித்துத் தரச் சொன்னாள். பெருந்தேவி பிடித்துக் கொடுத்தார். கூடவே, நெஞ்சுப் பக்கம் உள்ளே ஒரு சின்னப் பை தைத்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காசை முடிந்து வைத்தார். மகள் நல்லபடியாக என்ஜினியராகிவிட்டால் அந்தக் காசை வில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்ற குன்றின்மேல் இருக்கும் பெருமாள் உண்டியலில் சேர்ப்பதாக நேர்ந்துகொண்டார். நேர்ச்சை முடிச்சு பூஜை அறையில் இருப்பதைவிட மகளின் நெஞ்சோடு இருந்தால் கூடுதல் காவல் என்பது அவர் கணக்கு. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள் என்று தெரியும்.

மஞ்சள் துணி என்று சொன்னேன் அல்லவா? அது ஆலையில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துண்டு. மஞ்சளில் நனைத்துக் காய வைத்திருந்தார். புண்ணுக்குக் காற்றுப் போக வேண்டும் என்று இடைவெளி விட்டு நெய்த துணியில் காசு எத்தனை நாள் நிற்கும்?

4.

ஆடிப்பூரத் தேருக்கு லீவு போட்டுப் பொதிகை ரயிலில் வந்து இறங்கினாள் மாதவி. அழுக்கு யூனிஃபார்ம் பையில். அந்தப் புதுச் சட்டையை அந்த ஒரு வாரம், அந்த ஒரு விமானத்தில்தான் போட்டிருந்தாள். தேரன்று காலையில் அதைத் துவைக்க எடுத்தபோது பெருந்தேவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்.

"ஏட்டி, உள்பையில முடிச்சு இருக்கும், எடுத்துட்டு நனை."

"எந்த உள்பை?"

கையை விட்டாள். மஞ்சள் துணி வந்தது. நைந்து, நடுவில் வாய் பிளந்து. காசு இல்லை.

மாதவி அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு ரூவாதானட்டி. வேற முடிஞ்சிக்கிடலாம்."

"காசு இல்லம்மா பிரச்சினை. அது எங்க விழுந்துச்சு? நான் வயர் மேல குப்புறக் கெடந்தேன். அங்க விழுந்திருந்தா? பலகைய மூடியாச்சு. சீட்டெல்லாம் மாட்டியாச்சு. சாயங்காலம் ப்ளேன் கெளம்புது."

"அம்புட்டுப் பெரிய ப்ளேன ஒத்தக் காசு என்னட்டி செஞ்சிரும்?"

"செய்யும்மா. வயர்ல பட்டா தீப்பிடிக்கும்."

பெருந்தேவி அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சொல்லாத. வழியில எங்கனயும் விழுந்திருக்கும். சொன்னா உன்னய அனுப்பிச்சிருவாக. எம்புட்டுப் பாடுபட்டுப் படிச்ச," என்றார்.

5.

இந்த இடத்தில் நான் மூன்று நாள் நின்றுவிட்டேன்.

ஒரு தாய் இப்படிச் சொல்வாரா? அதுவும் விமானம் நிறைய ஆட்கள் ஏறப்போகிறபோது? பெருந்தேவியை எனக்குத் தெரியும். இழை விட்ட துணி ஒரு முழம் வந்தாலும் ஒதுக்கிப் போடுகிறவர். கதாபாத்திரம் உடைகிறதே என்று பயந்து, "சொல்லாத" என்பதை அழித்துவிட்டு, "நீ என்ன நினைக்கிறாயோ அதைச் செய் மகளே" என்று மாற்றினேன். (படித்துப் பாருங்கள். நாடகக் கொட்டகையில்கூடக் கைதட்ட மாட்டார்கள்.)

பஸ்ஸில் அவரிடமே கேட்டேன்.

"நான் சொன்னேன் சார். 'சொல்லாத'ன்னுதான் சொன்னேன். அப்படியே எழுதுங்க," என்றார். "வெளங்காத நேரம். பிள்ள வாழ்க்க போயிருமோன்னு பயந்துட்டேன். பொறவு அவ மூஞ்சியப் பாத்தேன். அதுக்கு மேல நான் தடுக்கல."

அழித்ததைத் திரும்ப எழுதினேன். மேலே நீங்கள் படித்தது அதுதான்.

6.

மாதவி போனை எடுத்தாள். அழைத்தது கேத்ரின் மேடத்தை. விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் உரிமை உள்ள என்ஜினியர். மாதவியின் பயிற்சி செல்லுபடியாவதும் அவர் கையெழுத்தில்தான். பயிற்சிக்கு வந்த ஒருவன் ஸ்பேனரை வைத்த இடம் தெரியாமல் முழித்ததற்கு, அவனை வீட்டுக்கே அனுப்பியவர் என்று ஹேங்கரில் பேச்சு.

"மேடம், நான் மாதவி. அந்த ப்ளேன விடாதீங்க மேடம்," என்றாள். காரணத்தைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? நேர்ச்சை, முடிச்சு, பெருமாள் எல்லாவற்றையும் எந்த மொழியில் விளக்குவது? தடுமாறிக்கொண்டிருக்கும்போதே பெருந்தேவி போனைப் பிடுங்கிவிட்டார்.

"அம்மா, தப்பு எம்மேல. நாந்தான் அவளுக்குத் தெரியாம சட்டைக்குள்ள காசு முடிஞ்சு வச்சேன். அவளை ஒண்ணும் பண்ணிராதீக."

கேத்ரின் கேட்டார்: "மஞ்சத் துணி முடிச்சா? நேந்துக்கிட்டு முடிவாங்களே, அதா?"

"ஆமாம்மா."

"நானும் உங்க பக்கத்துச் சேத்தூர்க்காரிதான். எங்க தெருவுல பாதி வீட்டுல முடிஞ்சு வச்சிருப்பாக. துணி முழுசா இருக்கா, கிழிஞ்சிருக்கா?"

"கிழிஞ்சிருக்கு."

"சரி. போன மாதவிட்ட குடுங்க." மாதவியிடம் ஒரே ஒரு கேள்வி: "எந்தப் பலகையிலிருந்து எந்தப் பலகை வரைக்கும்?" அவள் சொன்னாள். "வச்சிரு. நிப்பாட்டுறேன்."

திட்டவில்லை. அதுதான் மாதவியை இன்னும் பயமுறுத்தியது. இனி இந்த ஆளே வேண்டாம், திட்டி என்ன பயன் என்று முடிவு செய்துவிட்டாரோ?

இருவரும் தேருக்குப் போனார்கள். கீழ ரதவீதியில் கூட்டம் தள்ளியது. வடம் பிடித்தவர்கள் "கோவிந்தா" என்று இழுக்க, தேர் அசைந்து, நின்று, மறுபடி அசைந்தது. பெருந்தேவி கைகூப்பி நின்றார். மாதவி போனைக் கூப்பி நின்றாள். இந்நேரம் சீட்டைக் கழற்றுவார்கள். இந்நேரம் கம்பளம். இந்நேரம் ஸ்க்ரூ. நிமிர்ந்து ஆண்டாளைப் பார்த்து என்ன வேண்டிக்கொள்வது என்றுகூடத் தெரியவில்லை. காசு கிடைக்க வேண்டும் என்றா, கிடைக்கக் கூடாது என்றா?

7.

(இனி வருவது நான் எழுதிய முடிவு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது.)

"பலகையைத் திறந்தபோது காசு இல்லை. ஆனால் வேறு யாரோ மறந்து விட்டுப்போன திருப்புளி ஒன்று வயர்களுக்கு நடுவே கிடந்தது. மாதவி மட்டும் சொல்லியிராவிட்டால்"

நல்ல திருப்பம்தானே? மாதவியின் குரல் பதிவு உடனே வந்தது. இந்த முறை சிரிக்கவில்லை.

"சார், அத எடுத்துருங்க. திருப்புளியெல்லாம் கெடைக்கல. ஒண்ணுமே கெடைக்கல. ஒண்ணும் கெடைக்காததுதான் சார் சந்தோசம். ஏதாச்சும் கெடைச்சாத்தான் எங்களுக்குப் பகீர்னு இருக்கும்."

நான் இத்தனை ஆண்டுகளாகத் திறந்தால் ஏதாவது கிடைக்க வேண்டும் என்றே எழுதி வந்திருக்கிறேன். ஒன்றும் இல்லை என்பதற்காக ஒரு பெண் தெருவில் நின்று அழுவாள் என்று யோசித்ததே இல்லை.

அழுதாள். தேர் நிலைக்கு வந்த பிறகுதான் போன் வந்தது. "எல்லாம் தெறந்து பாத்தாச்சு. இல்ல. மூடியாச்சு. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் கேத்ரின். மாதவிக்குக் காலையிலிருந்து தூக்கிச் சுமந்த பாரத்தை யாரோ வாங்கி இறக்கி வைத்ததுபோல இருந்தது. நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைக்காமல் அழுதாள்.

"மேடம், நான்..."

"திங்கக்கிழமை வந்துரு. அந்த வாரம் செஞ்ச வேலையக் கணக்குல சேக்க மாட்டேன், அடுத்த ப்ளேன்ல திரும்பச் செய்யணும். அந்தப் பைய தச்சு மூடிட்டு வா. அம்மாட்ட சொல்லு, காச உண்டியல் பக்கத்துலயே முடிஞ்சு வைக்கச் சொல்லி."

பெருந்தேவி பக்கத்திலேயே காதை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "நல்லா இருப்பா. சேத்தூர்ப் பொம்பள," என்றார். பிறகு தேர்க்கடையில் இரண்டு பேருக்கும் சர்பத் வாங்கினார். ஒரே மடக்கில் குடித்தார்கள்.

8.

எல்லாம் சுபம். ஆனால் காசு எங்கே?

மாதவியின் சென்னை ஹாஸ்டல் குளியலறைச் சாக்கடையில் என்று எழுதிப் பார்த்தேன். பொதிகை ரயிலில் யாரோ ஒரு குழந்தை கண்டெடுத்தது என்று எழுதிப் பார்த்தேன். குழந்தை மிட்டாய் வாங்கியது வரை போய்விட்டேன். வெட்கமாக இருந்தது, நிறுத்திவிட்டேன்.

போன வாரம் பஸ்ஸில், கடைசியாக ஒரு முறை பெருந்தேவியிடம் கேட்டேன்: "முடிச்சுக்குள்ள காச வச்சது நல்லா ஞாபகம் இருக்கா?"

"என்ன சார் கேள்வி? வச்சேன்." ஜன்னல் பக்கம் திரும்பினார். பஸ் ஒரு நிறுத்தம் கடந்தது. "வச்சேன்னுதான் நெனக்கேன். அன்னைக்கு ஆலைக்கு நேரமாயிருச்சு சார்."

இல்லாத காசுக்காகவா ஒரு விமானம் நின்றது? அன்று இரவே மாதவிக்குச் சொன்னேன். அவள் துளியும் அசரவில்லை.

"இருக்கட்டும் சார். 'நெனக்கேன்'னு யாராச்சும் சொன்னா, தெறந்துதான் பாக்கணும்."

நானும் திறந்து பார்த்துவிட்டேன். இந்தக் கதையின் எட்டுப் பலகைகளையும் கழற்றி, தலையை உள்ளே விட்டுத் தேடியாயிற்று. நான் பார்த்த வரையில் காசு இல்லை. ஆனால் எழுதியவனே சரிபார்த்தால் போதாது, இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது ஹேங்கர் வழக்கமாம். மூடலாமா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். கையை உள்ளே விடுவதற்கு முன் உங்கள் பைகளைக் காலி செய்துகொள்ளுங்கள்.