பாதி டாக்டரின் கறிப் பத்தியம்

பட்டுத்துணியைப் போல் கோள்மூட்டி உலகத்தில் வேறு கிடையாது. விரலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், தடவுகிற இடத்தில் ‘சர்ர்’ என்று இழையை இழுத்துக் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் சொல்லிவிடும். தையல்காரருக்கோ இரண்டு கையும் வெடிப்பு. விரல் இடுக்கெல்லாம் சிவந்து, செதில் எழும்பி, அங்கங்கே பிளந்து கசிகிற எக்ஸிமா. வருஷக்கணக்காக வந்து வந்து போய்க்கொண்டிருந்த விருந்தாளி, இந்த முறை பெட்டி படுக்கையோடு வந்து உட்கார்ந்துவிட்டது.

மேஜையில் கிடந்தது அவருடைய தங்கையின் கல்யாண உடைக்கான தந்த நிறப் பட்டு. பொம்மைக்குச் சட்டை தைத்துக் கொடுத்த வயசிலேயே அவள் அண்ணனிடம் சொல்லி வைத்தது: “என் கல்யாணத்துக்கும் நீதான் தைக்கணும்.” இப்போது அதன் ஓரத்தில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ரத்தப் பொட்டு.

முதலாளியம்மா பார்த்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை.

“கை ஆறுற வரைக்கும் திரைச்சீலை தைங்க மாஸ்டர். தங்கச்சி துணிய அவர் பாத்துப்பார்,” என்று பக்கத்து மெஷின்காரரைக் காட்டினார்.

பக்கத்து மெஷின்காரர் நல்ல மனுஷர். ஆனால் அவர் தைக்கிற கைப்பகுதிக்குள் போட்டிருக்கிற ஆள் போக இன்னொரு ஆளும் குடியிருக்கலாம். “முதல் அளவு பாக்கறதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கம்மா, கை ஆறிடும்,” என்று கெஞ்சிக் கொஞ்சம் அவகாசம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் தையல்காரர்.

தோல் டாக்டரிடம் அவர் போகாமல் இல்லை. முன்னொரு தரம் போனார். டாக்டரம்மா களிம்பு கொடுத்து, “எது ஒத்துக்கலைன்னு ஒவ்வொரு பொருளா முதுகுல ஒட்டிப் பாக்கணும், திரும்ப வாங்க,” என்றார். களிம்பில் ஆறியது. ஆறியதும் களிம்பை மறந்தார், டாக்டரையும் மறந்தார். முதுகில் ஒட்டுப் போட்டுக்கொண்டு குளிக்காமல் இருப்பதெல்லாம் தையல்காரனுக்குத் தேவையா என்று அன்றைக்குத் தோன்றியது.

அந்த இடைவெளியில் நுழைந்தவன்தான் பாதி டாக்டர்.

பாதி டாக்டர் என்றால் மனைவியின் தம்பி. மீதிப் பாதி எங்கே என்று குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. தொழில், லிஃப்ட் ரிப்பேர். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு ஆள் வரக் காத்திருக்கிற வேளைகளில், செல்போன் வீடியோக்களில் அவன் வைத்தியம் படித்தான். கட்டடங்கள் பழசாக ஆகப் படிப்பும் ஏறிக்கொண்டே போனது.

“மாமா, கறி. கறி, உப்பு, தண்ணி. வேற ஒண்ணும் கூடாது. ஒரு ஆளுக்கு முழங்கை வரைக்கும் இருந்துச்சு, கறி தின்னே போயிடுச்சு. வீடியோல அழுதுட்டான்.”

“வேற எதுவும் குடுக்கலையேன்னு அழுதிருப்பான்டா,” என்றாள் மனைவி.

“அக்கா, நீ சும்மா இரு. செடியால ஓட முடியாது. அதான் தன்னக் காப்பாத்திக்க உள்ள விஷம் வெச்சுக்குது. ஆடு ஓடும். அதுக்கு விஷம் எதுக்கு?”

“ஓடுன ஆடு எப்படிடா நம்ம சட்டிக்கு வந்துச்சு?”

தையல்காரர் சிரிக்கவில்லை. கையைப் பார்த்தார். கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. “சரி மாப்ள,” என்றார்.

வீடியோக்காரர்கள் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள். பாதி டாக்டர் அப்படியா? எடுத்த காரியத்தை ஒரு மாடி தாண்டிக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் அவன் வழக்கம். “வாய்ல பூட்டுப் போட்டுட்டு கை வழியா செடிய உள்ள விட்டா எப்படி மாமா? தொடுறதும் கூடாது,” என்று வீட்டைச் சோதனை போட ஆரம்பித்தான். எலுமிச்சைப் படம் போட்ட கைகழுவும் திரவம், ரோஜா மணக்கும் சோப்பு, பூவாசனைக் கிரீம் எல்லாம் பைக்குள் போயின. கடைக்கும் வந்தான். வாஷ்பேசின் மேல் இருந்த எலுமிச்சைத் திரவத்தையும், கறை எடுக்கிற ஆரஞ்சு வாசனைத் தண்ணீரையும் கொலைகாரர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, “இந்த ரெண்டையும் நீங்க தொடவே கூடாது,” என்றான். பதிலுக்கு விலங்குக் கொழுப்பில் செய்த, எந்த வாசனையும் இல்லாத ஒரு வெள்ளைச் சோப்பைக் கைக்குட்டையில் சுற்றி மாமாவின் பையில் திணித்தான்.

“மாப்ள, நான் தொடுறது முழுக்கத் துணியாச்சே?”

பாதி டாக்டர் யோசித்தான். “பட்டு புழுவுல இருந்து வருது. அப்படிப் பாத்தா கறிதான். தாராளமாத் தொடுங்க.”

“போட்டிருக்கற சட்டை பருத்தி.”

“சட்டைக்கு விலக்கு.”

பெட்ரோலியம் ஜெல்லி டப்பா வந்தபோதுதான் அவனுக்கு நெற்றி வியர்த்தது. மனைவி விடவில்லை. “கை வறண்டு வெடிக்குது, இதையாவது தடவ விடு. இது செடியா, பிராணியா?”

“பெட்ரோல்... பூமிக்கடியில... டைனோசர்!” என்று துள்ளினான். “டைனோசர் கறிதானே! தடவுங்க மாமா, நல்லாத் தடவுங்க!”

அன்றிலிருந்து அந்த டப்பாவுக்கு டைனோசர் தைலம் என்று பெயர்.

பத்தியம் லேசுப்பட்டதில்லை. காலையில் கறி, மதியம் கறி, ராத்திரியும் மாறுதலுக்குக் கறி. வயிறு வேலைநிறுத்தம் அறிவித்தது. பேச்சுவார்த்தை குளியலறையில் வெகுநேரம் நடந்தது. கதவுக்கு வெளியே மனைவி நின்றுகொண்டு, “உள்ள லிஃப்ட் ஏதும் மாட்டிக்கிச்சாங்க?” என்பாள். மனைவியின் தட்டில் ஒரு கீரை இலையைப் பார்த்தால் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி அவர் கை தானாக நீண்டது.

ஆனால் ஒன்று. பாதி டாக்டரும் எதிரில் உட்கார்ந்து அதையேதான் தின்றான். அவனுக்கு ஒரு சொறியும் கிடையாது. இனிப்பு என்றால் உயிரை விடுகிறவன் வேறு. “மாமா மட்டும் தனியாத் தின்னா பாவம்ல,” என்று சொல்லிவிட்டு எலும்பைக் கடித்தான்.

கை ஆறியது. அதுதான் வேடிக்கை. முதலில் கசிவு நின்றது, பிறகு செதில் உதிர்ந்தது, பிறகு விரல் இடுக்கில் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் எட்டிப் பார்த்தது. ஒரு காலையில் தையல்காரர் கடைக்குப் போய்ப் பட்டின் மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல இழுத்தார். பட்டு வாயைத் திறக்கவில்லை. முதலாளியம்மா திரைச்சீலை மூட்டையைப் பக்கத்து மெஷின்காரர் பக்கம் தள்ளினார்.

ரத்தப் பொட்டு மடிப்புக்குள் போய் மறைந்தது. இடுப்பு அமைந்தது, கழுத்து அமைந்தது. அளவு பார்க்க வந்த தங்கை கண்ணாடி முன் நின்று பார்த்துவிட்டு, அண்ணனின் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். போகும்போது ஒரு பை திராட்சையை மறந்து வைத்துவிட்டுப் போனாள்.

தையல்காரர் ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தார். பை காலியான பிறகுதான் தான் செய்தது உறைத்தது. மறுநாள் விடியலில் குற்றவாளி போலக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அடுத்த நாள் ரொட்டி. ஒன்றுமில்லை. அப்புறம் மனைவி வேண்டுமென்றே மேஜையில் வைத்துவிட்டுப் போன பழம், பருப்பு, காய், எல்லாம் போயின. கை பளிச்சென்று இருந்தது. எதிரில் உட்கார்ந்து இன்னும் எலும்பு கடித்துக்கொண்டிருந்தவனிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

பத்தியமே போச்சு, சோப்பு மட்டும் எதற்கு என்று அதைக் கைக்குட்டையோடு வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். எலுமிச்சைத் திரவத்தில் மணக்க மணக்கக் கை கழுவினார். ஓரிரு நாளில் விரல் இடுக்கு அரித்தது. பிறகு சிவந்தது. பட்டு மறுபடி ‘சர்ர்’ என்றது. உடையில் பாக்கி இருந்தது கீழ் ஓரமும் முதுகுக் கொக்கிகளும்தான்.

“பாத்தீங்களா மாமா! ஏதோ செடி உள்ள போயிருக்கு! உண்மையச் சொல்லுங்க!”

“போச்சு மாப்ள. எப்பவோ போச்சு. அப்ப ஒண்ணும் ஆகல.”

பாதி டாக்டரின் வாய்க்குப் பாதி தூரத்தில் எலும்பு நின்றது. “எப்பவோன்னா? அப்ப நான் மட்டும் எதுக்கு...”

மனைவி எழுந்து செருப்பைப் போட்டாள். “ரெண்டு பேரும் கிளம்புங்க. இனி முழு டாக்டர்தான்.”

தோல் டாக்டரம்மா இந்தத் தடவை அவரை விடவில்லை. களிம்பு கொடுத்தார், முதுகில் வரிசையாக ஒட்டினார். சொன்ன நாளில் பிரித்துப் பார்த்தபோது, வாசனைப் பொருள்களுக்கான இடங்கள் மட்டும் சிவந்து தடித்திருந்தன.

“சோப்புல, கறை எடுக்கிற தண்ணில போடுற வாசனைதாங்க உங்களுக்கு எதிரி. சாப்பாடு இல்ல.”

“கறி தின்னப்ப ஆறிச்சே டாக்டர்?” பாதி டாக்டரின் குரல் இறங்கியிருந்தது.

“அதே சமயத்துல சோப்பையும் மாத்தினதாச் சொன்னீங்களே. எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு ஒண்ணுக்கு மட்டும் மாலை போட முடியுமா? சில பேருக்கு ஏதாவது ஒரு சாப்பாடு ஒத்துக்காம இருக்கலாம், அதைப் பரிசோதிச்சுப் பாக்கணும். கறி மட்டும் தின்னா எக்ஸிமா தீரும்னு நம்பற மாதிரி ஆராய்ச்சி எதையும் நான் பாக்கல. ஆனா அந்தச் சோப்ப மாத்தச் சொன்னது யாரு?”

எல்லோரும் பாதி டாக்டரைப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்தான்.

“நல்ல காரியம் பண்ணீங்க. பெட்ரோலியம் ஜெல்லியும் நல்லது.”

“டைனோசர்ல இருந்து வருது டாக்டர்,” என்றான், கிடைத்த தைரியத்தில்.

“இல்லீங்க. பெரும்பாலும் ஆதி காலத்துக் கடல்ல இருந்த பாசி, நுண்ணுயிருங்க.”

“பாசியா?” அவன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். “அப்ப இத்தனை நாளும் மாமா செடியையா தடவுனாரு?”

வெளியே வந்ததும் தையல்காரர் முதல் வேலையாக இனிப்புக்கடைக்குள் நுழைந்து, பெரிய கேக் துண்டாக வாங்கி மைத்துனன் கையில் வைத்தார்.

“நான் சொன்னது தப்புன்னு ஆயிடுச்சே மாமா.”

“சாப்பாட்டுல தப்பு. சோப்புல சரி. எனக்காக வயித்தக் கட்டி எதிர்ல உக்காந்தியே, அது எந்த டாக்டர்கிட்டயும் கிடைக்காது மாப்ள. தின்னு.”

அவன் தின்றான். நெடுநாள் பிரிந்திருந்தவர்கள் சேர்கிற காட்சியாக இருந்ததால் அக்கா கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் வாஷ்பேசின் மேல் வாசனையில்லாத திரவம் வந்தது, முதலாளியம்மாவே மாற்றினார். களிம்பில் கை அடங்கியது. கல்யாணத்துக்கு முந்தின நாள் கீழ் ஓரத்தின் கடைசித் தையல் விழுந்தது.

கல்யாணத்தன்று காலை தங்கை முதுகைக் காட்டி நின்றாள். “அண்ணா, கொக்கிய நீயே மாட்டு. வேற யாரும் தொட வேண்டாம்.”

தையல்காரர் விரலை நீட்டினார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கை குறுக்கே வந்தது. அதில், கைக்குட்டையில் சுற்றிய வெள்ளைச் சோப்பு.

“கழுவிட்டு வாங்க மாமா. வாசல்ல யாரோ உங்க கைல சென்ட் அடிச்சு விட்டாங்க, நான் பாத்தேன்.”

அவர் போய்க் கழுவிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு கொக்கியாக மாட்டினார். கடைசிக் கொக்கியை மாட்டிவிட்டு, தங்கையின் தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் பட்டின் மேல் உள்ளங்கையை ஒருமுறை ஓட்டினார்.

பட்டு ஒன்றுமே சொல்லவில்லை. அவர் மட்டும் திரும்பி, சோப்பை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, “தேங்க்ஸ் டாக்டர்,” என்றார்.